1990 யூனோஸ் ரோட்ஸ்டரா, 1994 எம்எக்ஸ்-5 1.8-ஆ? வாங்குமுன் எதைப் பார்க்கணும், வாங்கின பிறகு எதை மாத்தணும்?

ஹேரோமணி

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் சுற்றுவட்டாரத்துல ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ரெண்டுமே மாஸ்டாவோட ரெண்டு சீட் திறந்த கார், முதல் தலைமுறை (என்ஏ); ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர்னு வித்ததும் எம்எக்ஸ்-5-ம் ஒரே கார்தான்.

முதலாவது 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6, ஜப்பான்ல இருந்து வந்தது. 1,38,000 கிமீ காட்டுது. சிவப்பு, சமீபத்துல முழு பெயின்ட். அடியில கறுப்பு அண்டர்சீல் (துரு பிடிக்காம இருக்கப் பூசுற பூச்சு) பளபளன்னு புதுசா இருக்கு. கேக்குற விலை 5,200 பவுண்டு.

ரெண்டாவது 1994 எம்எக்ஸ்-5 1.8, இங்கேயே புதுசா விற்ற வண்டி. 96,000 மைல். பின்பக்க ஸில் (கதவுக்குக் கீழே ஓடுற தகட்டுப் பெட்டி) ரெண்டு பக்கமும் வெல்டிங் ஆகியிருக்கு, வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் ஃபைல்ல இருக்கு. பெயின்ட் மங்கல். ஹூட்டோட (மடக்குற கூரை) பிளாஸ்டிக் ஜன்னல்ல கீறல். கிளட்ச் பெடல் ரொம்பக் கீழே போய்த்தான் பிடிக்குது. 4,400 பவுண்டு.

பார்வைக்கு முதல் வண்டிதான் அள்ளுது. எதை வாங்கலாம்? நேர்ல போனா எதைத் தொட்டுப் பார்க்கணும்? வாங்கின பிறகு 1,500 பவுண்டு வரைக்கும் செலவு பண்ண முடியும். டர்போ போடுன்னு ஒருத்தர் சொல்றார். ஜாக்கி, ஸ்டாண்ட், டார்க் ரென்ச் இருக்கு, சர்வீஸ் வேலை நானே செய்வேன். வெல்டிங் தெரியாது.

---

குறோய்டன்கறள்

தம்பி, பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தக் காரில எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாம் பிறகு மாத்தலாம், சாமான் கிடைக்கும். கறள் பிடிச்ச பொடிதான் காசைத் தின்னும். புதுப் பெயின்டும் புது அண்டர்சீலும் ஒண்டாய்ச் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில வாற சந்தேகம், கீழ என்ன கிடக்குது எண்டுதான்.

கறள் எங்க, ஏன் வருது எண்டு விளங்கினால் பார்க்கிறது சுகம். ஹூட்டில விழுற மழைத்தண்ணி, சீற்றுக்குப் பின்னால ஹூட்டின்ர அடி விளிம்போட ஓடுற பிளாஸ்டிக் பீலியில இறங்கி, ரெண்டு பக்கமும் சீற் பெல்ற் தூணடியில உள்ள ஓட்டைக்குப் போகும். அங்கயிருந்து ஒரு குழாய் வழியாய்ப் பின்சில்லுக்குக் கொஞ்சம் முன்னால, காருக்கு அடியில வெளியேறும். குழாயின்ர அடிமுனையில ஒரு ரப்பர் வாய் இருக்கு. இலையும் மண்ணும் அதில அடைச்சிட்டால் தண்ணிக்குப் போக வழியில்லை. மேல நிரம்பி காப்பெற்றுக்குள்ள வடியும், இல்லாட்டி ஸில்லுக்குள்ள இறங்கி அங்கயே நிக்கும். ஸில் உள்ளுக்கிருந்து வெளிய உக்கும். வெளிப் பெயின்டில கொப்புளம் தெரியிற நேரம் உள்தகடு எப்பவோ போயிருக்கும்.

சோதிக்கிறது இப்பிடி. அரை லீற்றர் தண்ணி கொண்டு போங்கோ. ஹூட்டை அரைவாசி தூக்கி, பீலியில மெதுவாய் ஊத்துங்கோ. பின்சில்லுக்கு முன்னால உடன நிலத்தில விழவேணும். சொட்டுச் சொட்டாய் வந்தால் அடைப்பு. ஒண்டுமே வராட்டில் சீற்றுக்குப் பின்னால காப்பெற்றைத் தூக்கிக் கையை வைச்சுப் பாருங்கோ. அடைப்பு எடுக்கிறதுக்குக் கம்பியோ காத்தழுத்தமோ பாவிக்காதேங்கோ, குழாய் கழண்டு உள்ளுக்கு விழுந்திடும். புல்லு வெட்டுற மெசினில வாற தடிச்ச நைலோன் நூல் காணும்.

பிறகு ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணியில சுத்தினது. பின்சில்லு வளைவுக்கு முன்னால உள்ள கடைசி 30 செமீ ஸில், வளைவின்ர விளிம்பு, முன் ஃபெண்டரின்ர அடிப் பின்மூலை. இவ்வளவும் தடவுங்கோ. ஒட்டாத இடம் பட்டி. பெருவிரலால ஸில்லின்ர அடி மடிப்பை அமத்துங்கோ, நல்ல தகடு அசையாது. முன் ஃபெண்டர் போல்ற்றில நிக்கிறது, அது போனால் பெரிய விசயமில்லை. ஆனால் அதுக்குப் பின்னால சேருற சேறு ஸில்லின்ர முன்மூலையையும் தின்னும், அதையும் பாருங்கோ. பற்றறி டிக்கிக்குள்ள இருக்கிறபடியால் அதுக்குக் கீழ அசிட் வடிஞ்ச வெள்ளைப் படிவு இருக்கோ எண்டும் பார்க்கவேணும்.

ஜப்பான் கார் எண்டால் கறள் இல்லை எண்டு விக்கிறவை சொல்லுவினம். அங்க கன இடங்களில வீதியில உப்புப் போடுறதில்லை எண்டது உண்மைதான், வடக்கில பனி விழுற பக்கம் போடுவினம். அதுக்கு மேல, இந்தக் கார் இங்க வந்து எத்தினை மாரி கண்டது எண்டதுதான் கேள்வி.

எம்ஓடி-யில (இங்க வருசாவருசம் நடக்கிற வாகனச் சோதனை) சீற் பெல்ற், சஸ்பென்சன் பிடிப்புகளில இருந்து 30 செமீ-க்குள்ள தகடு பலமிழந்திருந்தால் பெயில். ஒட்டுப் போட்டால் விளிம்பு முழுக்கத் தொடர் வெல்டிங் வேணும். அந்த 1994 காரின்ர போட்டோவைக் கேட்டு வாங்குங்கோ. வெளித்தகட்டை வெட்டித் திறந்த படம் இருக்கோ, உள்தகட்டுக்கும் புதுசு போட்டிருக்கினமோ எண்டு பாருங்கோ. பழைய தகட்டுக்கு மேல புதுத்தகட்டை மூடினது மட்டுமெண்டால், அந்த வேலைக்கு ரெண்டு மூண்டு வருச ஆயுள்தான்.

---

பெல்ட்மாமா

துரு பத்தி மேலே சொன்னதுக்கு மேல சேர்க்க ஒண்ணுமில்லை. நான் எஞ்சினுக்கு வர்றேன். 1990 வண்டின்னதும் கிராங்க்தான் (பிஸ்டன்கள் சுத்தி விடுற எஞ்சினோட முக்கியத் தண்டு) ஞாபகம் வருது.

1989-ல இருந்து 1991 நடுப்பகுதி வரைக்கும் வந்த 1.6-ல கிராங்க்ஷாஃப்டோட முன்மூக்கு குட்டையானது. அதுல புல்லியைப் பிடிச்சு வைக்குற நடு போல்ட் சரியான டார்க்ல இறுகாம விட்டா, புல்லியோட நடுத்துண்டு நூலளவு அசையும். அந்த அசைவுல சாவி (புல்லியைத் தண்டோட பூட்டுற சின்ன இரும்புத் துண்டு) தேயும், சாவி உக்காரும் வெட்டு அகலமாகும். டைமிங் பெல்ட்டோட (கிராங்க்கையும் வால்வைத் திறக்கிற கேம் தண்டுகளையும் சேர்ந்து சுத்த வைக்கிற பெல்ட்) வரிசை மெல்ல மெல்லப் பின்தங்கும், இழுவை குறையும். கடைசில கிராங்க்கே வீண். பெரும்பாலும் பெல்ட் மாத்தின பிறகுதான் இது ஆரம்பிக்கும், போல்ட்டைக் கைக்கணக்குல இறுக்கினதோட விளைவு.

கண்டுபிடிக்க பொன்னெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல டார்ச் அடிச்சு புல்லியோட நடுவைப் பாருங்க. நடுத்துண்டுல 4 வெட்டு இருந்தா குட்டை மூக்கு, 8 வெட்டு இருந்தா நீள மூக்கு. குட்டை மூக்குன்னா உடனே ஓடிட வேண்டாம், ஒழுங்கா இருக்கிற எஞ்சின் நிறைய உண்டு. ஐடில்ல ஓட விட்டு புல்லியோட விளிம்பைக் கவனிங்க. நேரா சுத்தாம ஆடி ஆடிச் சுத்துதுன்னா வண்டியை அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க. லேசாத் தேஞ்ச கிராங்க்கைப் புது சாவி, லாக்டைட் 660, புது போல்ட் போட்டுக் காப்பாத்துறாங்க, ஆனா அது விக்கிறவர் தலையில விழவேண்டிய செலவு. டார்க்: குட்டை மூக்குக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள மூக்குக்கு 157 முதல் 166. ரெண்டையும் குழப்பிடாதீங்க. 1994 1.8-ல இந்தத் தலைவலியே கிடையாது.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவை. நல்ல வேளையா 1.6-லயும் இந்த 1.8-லயும் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதாது, வண்டி நின்னுடும், அவ்வளவுதான். பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க. மாத்தும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல் ரெண்டு, கிராங்க் முன் சீல் எல்லாம் சேர்த்தே போடணும், அதே ரேடியேட்டரை ரெண்டு தடவை கழட்டுறதுல அர்த்தமில்லை. இன்டேக் புல்லில ஐ குறி, எக்ஸாஸ்ட்ல ஈ குறி. குறிக்குக் குறி பெல்ட்ல 19 பல் எண்ணி வரணும். பெல்ட் போட்டதும் டென்ஷனரை அப்படியே பூட்டக்கூடாது. கிராங்க்கை வலப்பக்கமா ஒண்ணே ஐந்தின்கீழ் ஆறு சுத்து, அதாவது முழுச் சுத்துக்கு மேல 300 டிகிரி திருப்பி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை இழுக்க விட்டுட்டு அப்புறம் இறுக்கணும். அந்த நிலையிலதான் டென்ஷனர் பக்கம் பெல்ட் தளர்ந்திருக்கும்.

ஹெட்டோட பின்னால, ஃபயர்வாலை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் (கேம் தண்டு நிக்கிற கோணத்தை அளக்கிறது) இருக்கு. அதோட ஓ-ரிங் வயசானா கல்லு மாதிரி ஆகி எண்ணெய் கசியும். சில்லறைக் காசு ரிங்தான். ஆனா எண்ணெய் நேராக் கீழே இருக்குற ஹீட்டர் ஹோஸ்ல சொட்டி ரப்பரை ஊற வைக்கும், ஹோஸ் ஒருநாள் வெடிச்சா கூலன்ட் எல்லாம் போய் ஹெட் சூடேறும். அதனால கைவிட்டு ஹோஸை அமுக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு மெத்துனு இருந்தா ரெண்டையும் மாத்திடுங்க.

ரேடியேட்டரோட மேல்தொட்டி பிளாஸ்டிக். கறுப்பா இருக்கணும். பழுப்புப் பச்சையா மாறியிருந்தா விரிசல் விட நாள் பார்த்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஆரம்பத்துல டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், வால்வைத் தள்ளுற ஹைட்ராலிக் லிஃப்டர். சூடானதும் நின்னா கவலையே வேண்டாம். சூடான பிறகும் தட்டினா எண்ணெய் மாத்தி ஓட்டிப் பார்க்கணும். இன்னொரு விஷயம், ஆயில் பிரஷர் முள். 1990 வண்டில அது நிஜமான மானி, ஐடில்ல இறங்கி ரெவ் ஏத்தினா ஏறணும். 1995-க்கு மேல வந்த வண்டிகள்ல வெறும் சுவிட்ச், முள் ஒரே இடத்துல நிக்கும், அதைப் பார்த்து எஞ்சின் நலம்னு முடிவு பண்ணாதீங்க.

---

நாலாம்கியர்

போறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டை அரசாங்கத்தோட எம்ஓடி வரலாறு பக்கத்துல போட்டுப் பாருங்க, இலவசம். பாஸ், ஃபெயில் முக்கியமில்லை, அறிவுரைக் குறிப்புகளை வரிசையாப் படிங்க. மூணு வருஷம் "ஸில் அரிப்பு" வந்து, நாலாவது வருஷம் வெல்டிங் பில் எதுவும் இல்லாம "அண்டர்சீல் பூசப்பட்டுள்ளது"ன்னு மாறியிருந்தா கதை முடிஞ்சது. யூனோஸ்ன்னா ஓடோமீட்டரையும் கவனிங்க. நிறைய வண்டில கிலோமீட்டர் மானியை எடுத்துட்டு மைல் மானி வச்சிருப்பாங்க, ஒரு வருஷம் கிமீ அடுத்த வருஷம் மைல்னு எம்ஓடி-யில பதிவாகியிருக்கும்.

---

ஹேரோமணி

ரொம்ப நன்றி. ரெண்டையும் பார்த்தாச்சு. யூனோஸ்ல புல்லி 4 வெட்டு, ஆட்டம் இல்லை. ஆனா இடது ஸில்லோட கடைசி ஒரு சாண் காந்தம் பிடிக்கவே இல்லை, தண்ணி ஊத்தினா அந்தப் பக்கம் கீழே வரலை. 1994-ல தண்ணி ரெண்டு பக்கமும் உடனே விழுந்தது. வெல்டிங் போட்டோல உள்தகடு வெட்டி மாத்தினது தெரியுது. பெல்ட் பில் 58,000 மைல்ல ஒண்ணுதான். பின்சக்கரம் ரெண்டும் லேசா உள்சாய்வு, டயர் உள்விளிம்பு தேஞ்சிருக்கு. ஹேண்ட்பிரேக் எட்டு ஒன்பது கிளிக் வரைக்கும் வருது.

1994-ஐப் பேசி முடிக்கலாம்னு இருக்கேன். 1,500-ஐ எப்படிப் பிரிக்கிறது? டர்போ?

---

இரட்டைவிஷ்போன்

சரியான முடிவு. டர்போவை மறந்துடுங்க. அந்தக் காசுக்கு வர்றது டர்போ மட்டும்தான். இன்ஜெக்டர், ஈசியு (எஞ்சின் கணினி), கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் அதுக்குப் பின்னால வரிசையில நிக்கும். 1.8 கம்பெனில இருந்து வந்தப்போ 130 குதிரைசக்தி, வண்டி எடை சுமார் ஒரு டன்தான். இந்த வண்டியோட சுகம் வளைவுலதான், அதைத் தர்றது நாலு பக்கமும் இருக்கிற இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கிற மேல், கீழ் கைகள்). முப்பது வருஷம் ஆன புஷ்ஷும் (அந்தக் கைகளோட மூட்டுல இருக்கிற ரப்பர் உருளை) கோணல் அலைன்மென்ட்டும் வச்சுக்கிட்டு சக்தி ஏத்துறது வீண்.

முதல் செலவு கிளட்ச். பெடல் கீழே போனா பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்துல கிளட்சைத் தள்ளுறது). கியர்பாக்ஸோட வலப்பக்கம் கீழே இருக்கும், ரெண்டு போல்ட். ரப்பர் உறையை விரலால நெம்பிப் பாருங்க, உள்ளே ஈரம்னா சீல் போச்சு. சீல் கிட் மட்டும் வாங்காதீங்க, உள்சுவர் துரு குத்திப் புள்ளி விழுந்திருக்கும், புது சீலையும் கிழிச்சிடும். முழு சிலிண்டர், ரப்பர் ஹோஸ், டாட் 4 திரவம். புது ஸ்லேவ் போட்ட சில மாசத்துல பழைய மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்குறது) கசியறது சகஜம், அதனால ரெண்டையும் ஒண்ணா மாத்திடறது நல்லது. மாஸ்டர் கசிஞ்சா பெடலுக்கு மேல காலடிக்குள்ள ஈரம் தெரியும்.

அடுத்தது பெல்ட் கிட். 38,000 மைல்தான் ஓடியிருக்குன்னாலும் வருஷக் கணக்குல ரப்பர் பழசு, பில் தேதியைப் பாருங்க.

ஹேண்ட்பிரேக்குக்கு கேபிளை இறுக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பின் காலிப்பர்லயே அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு. சக்கரத்தைக் கழட்டினா காலிப்பரோட பின்பக்கம் ஒரு மூடி போல்ட், 14 எம்எம் ஸ்பேனர். அதுக்குள்ளே 4 எம்எம் ஆலன் கீ. வலப்பக்கம் திருப்பி பேட் டிஸ்க்கைப் பிடிக்கிற வரைக்கும் இறுக்கி, மூணுல ஒரு சுத்து திரும்ப விடணும். டிஸ்க் லேசா உரசலோட சுத்தணும். அப்படியும் சரியாகலைன்னா ஸ்லைடர் பின் இறுகியிருக்கும், கழட்டி துருவை உரசி சிலிக்கான் கிரீஸ். 1.8-ல முன் டிஸ்க் ஏற்கனவே 254 எம்எம், 1.6-ல 235-தான். அதனால பெரிய பிரேக்குக்குப் பணம் வேண்டாம்.

இப்ப அலைன்மென்ட். உள்விளிம்பு தேயறதைப் பார்த்தா பின்பக்க சாய்வு தாறுமாறா இருக்கு. இந்த வண்டில கீழ் விஷ்போனோட உள்முனை போல்ட்கள் மையம் விலகினவை, அதைத் திருப்பித்தான் கோணம் வைக்கணும். பிரச்சினை என்னன்னா, போல்ட் புஷ்ஷோட இரும்புக் குழாய்க்குள்ள துருவேறி ஒட்டிக்கும். அலைன்மென்ட் கடைல கொண்டு விட்டா "நகரலை"ன்னு டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும் சரி பண்ணி அனுப்பிடுவாங்க. ஒரு வாரம் முன்னாடியே தினம் பெனிட்ரேட்டிங் ஆயில் அடிங்க. நட்டைத் தளர்த்தி, போல்ட் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. போல்ட் சுத்தும்போது ரப்பரும் கூடவே முறுக்கிக்கிட்டுத் திரும்பினா ஒட்டியிருக்கு. அப்ப வெட்டித்தான் எடுக்கணும், போல்ட், புஷ் ரெண்டும் புதுசு. புதுசு போடும்போது குழாய்க்குள்ள ஆன்ட்டி-ஸீஸ் தாராளமா.

சாலைக்கு நல்ல கணக்கு: முன் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) மைனஸ் 1, பின் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னால சாயற கோணம்) 4.5 முதல் 5 டிகிரி, முன் டோ பூஜ்யம், பின் டோ மொத்தம் 2 முதல் 3 மிமீ உள்நோக்கி. முன்னாடியை விடப் பின்னாடி சாய்வு அதிகம் இருக்கிறது வேணும்னே, ஈரச் சாலைல பின்பக்கம் வழுக்காம இருக்க. ஓட்டுறவர் எடை, பாதி டேங்க் பெட்ரோலோட அளக்கச் சொல்லுங்க.

மிச்சம் இருந்தா டயர். ஒரிஜினல் 14 இன்ச் சக்கரம்னா 185/60. 15 இன்ச் வேணும்னா 195/50, வெளிவிட்டம் ரெண்டு மிமீ கூட வித்தியாசம் வராது, வேகமானி பொய் சொல்லாது. சக்கரத்துக்கு 4x100 போல்ட் வட்டம், நடுத்துளை 54.1. பெரிய துளைன்னா வளையம் போட்டு மையம் பிடிங்க, இல்லைன்னா 60 மைல்ல ஸ்டியரிங் நடுங்கும். 17 இன்ச் போட்டு இந்த வண்டியோட குணத்தைக் கெடுத்தவங்க நிறைய.

---

பெல்ட்மாமா

புஷ் மாத்தினா ஒண்ணு கவனம். ரப்பர் புஷ்ஷுக்கு விஷ்போன் போல்ட்களைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது சக்கரம் தரையில, வண்டி எடை அதுமேல இருக்கணும். ஜாக்கில தொங்கும்போது இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுகின நிலையிலேயே இருந்து ஒரு வருஷத்துல கிழியும், வண்டியும் உயரமா நிக்கும். பாலியூரிதீன் புஷ்ஷுக்கு இந்தக் கணக்கு இல்லை, ஆனா கிரீஸ் வறண்டா கீச்கீச்னு கத்தும். தினசரி ஓட்டுறதுன்னா ரப்பர்.

காசில்லாத இழுவை ஒண்ணு இருக்கு. இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எத்தனை டிகிரி முன்னாடி பொறி விழுதுங்கிறது. கம்பெனி கணக்கு 10 டிகிரி. எஞ்சின் சூடாகி ஐடில் 850 பக்கம் நிக்கும்போது, டயக்னாஸ்டிக் பெட்டில டென், கிரவுண்ட் ரெண்டையும் ஒரு வயரால இணைச்சு, டைமிங் லைட் அடிச்சு, கேம் ஆங்கிள் சென்சாரோட 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினா 14 வரைக்கும் போகலாம். வயரை எடுக்க மறக்காதீங்க. பழைய நிலைக்கு முதல்ல ஒரு கோடு கீறி வச்சுக்குங்க.

---

இரட்டைவிஷ்போன்

14 எல்லா வண்டிக்கும் ஒத்துக்காது. கார்பன் படிஞ்ச பழைய எஞ்சின்ல மேட்டுல நாலாம் கியர்ல அமுக்கினா கணகணன்னு தட்டும். கேட்டா 12-க்கு இறக்கிடணும். இந்த எஞ்சின்ல நாக் சென்சார் (அந்தத் தட்டலைக் கண்டுபிடிக்கிறது) கிடையாது, தானாத் திருத்திக்காது.

---

ஹேரோமணி

கடைசியா ஒண்ணு. ஓட்டிப் பார்த்தப்போ குளிர்ல ரெண்டாம் கியர் கரகரன்னு விழுந்தது, சூடானதும் சரி. கியர் தடியும் கொஞ்சம் கனம். கியர்பாக்ஸ் போச்சா?

---

குறோய்டன்கறள்

போகேல்லை. குளிரில ரெண்டாம் கியர் முறுகிறது இந்தக் கியர்பொக்ஸின்ர பிறவிக்குணம். சூடான பிறகும் முறுகினால்தான் சிங்க்ரோ (கியர் விழமுன்னம் வேகத்தைச் சமப்படுத்திற வளையம்) தேஞ்சது எண்டு எடுக்கவேணும். ஒயிலை மாத்துங்கோ: 75டபிள்யூ-90, ஜிஎல்-4, 2 லீற்றர். கீழ வடிக்கிற மூடியைத் திறக்க முன்னம் பக்கத்தில நிரப்பிற மூடியைத் திறந்து பாருங்கோ. அது இறுகி வராட்டில் ஒயிலை வடிச்சுப்போட்டு நிரப்ப வழியில்லாமல் நிப்பியள்.

தடி கனமாய் இருக்கிறதுக்கு வேற காரணம். தடி இறங்கிற கிண்ணத்துக்குத் தனி ஒயில், 80 முதல் 95 மில்லிலீற்றர். கியர்பொக்ஸ் ஒயில் அங்க ஏறாது, அதால கனபேர் அதைத் தொட்டதேயில்லை. கொன்சோலைக் கழட்டி, தடியின்ர மூண்டு போல்ற்றை எடுத்தால் தடி மேல வரும். கிண்ணம் காய்ஞ்சு கிடக்கும், இல்லாட்டில் கறுத்த கூழ் இருக்கும். துடைச்சு அதே ஜிஎல்-4 ஒயிலை விடுங்கோ. கீழ உள்ள சின்ன ரப்பர் உறை கிழிஞ்சிருக்கும், அதையும் மேல் உறையையும் முதலே வாங்கி வைச்சிட்டு வேலையைத் தொடங்குங்கோ. உறை கிழிஞ்சால் ஒயிலும் போகும், கியர்பொக்ஸ் சூடும் இரைச்சலும் காருக்குள்ள வரும்.